மதகடியில் கண்ணடிக்கும் புல்லட்

மயிலாடுதுறையில் இருக்கும் அண்ணன் பரிதி அவர்களுக்குத் தம்பி குணசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வள்ளியம்மையும் சுகம். என் வயலைப் பற்றி அப்படி எழுத முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு அண்ணியிடம் கொடுப்பீர்கள். அவர்களும் சிரிப்பார்கள்.

விஷயம் அப்பாவின் புல்லட். தலைமடை வயல் உங்களுக்கு, கடைமடை வயலும் இந்த அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டியும் எனக்கு என்று அப்பா உயில் எழுதினார். கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவனுக்குக் கடைமடை, பியூசியில் இரண்டு முறை தவறியவருக்குத் தலைமடை. அதை நான் இப்போது கிளறவில்லை. ஆனால் போன ஆவணியில் அப்பா திதிக்கு வந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிய அத்தனை பேர் எதிரிலும், "உன் ஹெட்லைட்டுக்கு மின்மினிப்பூச்சி தேவலைடா. வண்டிய எங்கிட்ட குடு, ஹால்ல நிறுத்தி அழகு பாக்குறேன்" என்றீர்களே, அதை மறக்கவில்லை. அந்தச் சொல்தான் என்னைப் பாபநாசத்தில் மெக்கானிக் ஹபீப் முகம்மது கடைக்கு அனுப்பியது. எல்இடி பல்பு போடச் சொன்னேன். போட்டார், எரியவில்லை. கழற்றிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "சார், எல்லா வண்டியிலயும் நெகட்டிவ்தான் பாடியில பூட்டியிருக்கும், இதுல பாசிட்டிவ் இருக்கு. பெரியவரு மாதிரியேதான், ஊரு ஒரு பக்கம் போனா இது மறுபக்கம்" என்றார். கம்பிகளை மாற்றிப் பூட்டியதும் கடைச் சுவரே வெளுத்துப்போகும்படி எரிந்தது. உங்களை அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்க வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்று மாலை பள்ளி விட்டு வாய்க்கால் கரையில் வந்தேன். மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. மதகடியில் திரும்ப வேகத்தைக் குறைத்ததும் விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்தது. காலையில் போய்ப் பார்த்தால் உங்கள் வயலின் மடைப்பலகை தூக்கியிருக்கிறது, என்னுடையது இறங்கியிருக்கிறது. மறுநாளும் அப்படியே. உங்களுக்கு நினைவிருக்கும், அப்பா மதகடியில் வண்டியை நிறுத்தவே மாட்டார். விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டால் தலைமடைக்குத் தண்ணீர், மூன்று தடவை என்றால் கடைமடைக்கு. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டி வீரையன் எதிர்க்கரையிலிருந்து டார்ச்சை அதே கணக்கில் அணைத்துப் போட்டுப் பதில் சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்குவார். அவர் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த வேலைக்கு ஊரில் வேறு ஆள் வைக்கவே இல்லை.

உங்கள் குத்தகைக்காரர் மூஸாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அவரோ எனக்கு முன்னால் சண்டைக்கு வந்துவிட்டார். "எதுக்கு சார் எங்க வயல்ல தண்ணிய ரொப்புறீங்க, பயிரு அழுகிப்போவுது." ஹபீபிடம் போனேன். "ஸ்லோ பண்ணா ஆறு வோல்ட்டு கரண்ட்டு பத்தாது சார், எல்இடி கண்ணடிக்கும்." சரி, ஏன் மதகடியில் மட்டும் கணக்காக இரண்டு தடவை என்று கேட்டேன். "நீங்கதானே கணக்கு வாத்தியாரு" என்றார். ஆகவே எண்ணினேன். ரயில்வே கேட்டில் ஏழு, எங்கள் வாசலில் ஒன்பது, ஒருநாள் பதினொன்று. மதகடியில் எப்போதும் இரண்டு. நானே சுவிட்சைப் பிடித்து மூன்று தடவை அணைக்கப் பார்த்தேன். இரண்டுக்கு அணைந்தது. மூன்றாவதற்கு அணையவில்லை. சாவியை உருவிய பிறகும் எரிந்துகொண்டிருந்தது. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பள்ளியிலிருந்து நடந்து வந்த நாளில், கொட்டகையில் நின்ற வண்டி தானாக இரண்டு தடவை கண்ணடித்ததை வள்ளியம்மை பார்த்திருக்கிறாள். உங்கள் பலகையைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். காலையில் பூட்டு பூட்டியபடி இருந்தது, சங்கிலி மட்டும் மடித்துக் கரையில் வைத்திருந்தது. இறக்கிய என் பலகையின் இடுக்கில் ஒரு சொட்டும் ஒழுகாதபடி வைக்கோல் புரி செருகியிருந்தது. இடது கையால் முறுக்கிய புரி. ஊரில் இடது கையால் புரி முறுக்கியவர் வீரையன் ஒருவர்தான்.

வள்ளியம்மையிடம் காட்டினேன். "செத்தும் வேலைக்கு வர்றவரு, உங்க அண்ணன் வயலுக்குத்தான் வர்றாரா?" என்றாள். அப்பா சொல்லிவைத்துவிட்டுப் போயிருப்பார் என்றேன். "மாமாவ இழுக்காதீங்க. உங்க அண்ணன் மேல உள்ள கோவத்துல வெளக்க மாட்டுனது நீங்க. பழைய பல்ப போடுங்க." போட்டால் நீங்கள் சொன்ன மின்மினிப்பூச்சி நிஜமாகிவிடுமே. என் நெல் பால் பிடிக்கிற நேரம், அண்ணா. நம் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறது, அது முழுக்க உங்களுக்குப் போகிறது. என் வயல் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. இன்னும் நாலு நாளில் தண்ணீர் ஏறாவிட்டால் அத்தனையும் பதர்.

ஆகவே நான் தோற்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் கொண்டுவந்து புல்லட்டை ஏற்றிப் போங்கள். ஹாலில் நிறுத்தி அழகு பாருங்கள். ஹாலில் தண்ணீர் ஏறினால் நான் பொறுப்பில்லை.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வயல் விளையட்டும் என்று நான் தனியாக வாழ்த்த வேண்டியதில்லை, அதற்கு ஆள் இருக்கிறது.

தம்பி,
குணசேகரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், உங்களுக்குப் புதுப் பல்பையும் சேர்த்துக் கொடுப்பானேன் என்று கழற்றிவிட்டேன். விளக்கில்லாத வண்டியைப் பொழுது சாய மதகடிக்குத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு எதிர்க்கரைப் பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. அணைந்து எரிந்தது. இன்னொரு தடவை. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பும்போது மூன்றாவது தடவை. இன்று காலை என் வயலில் கணுக்கால் தண்ணீர். வைக்கோல் புரி இப்போது உங்கள் பலகையில் செருகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், வண்டியைத் தரமாட்டேன். எல்இடி பல்பைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஹாலில் மாட்டிக்கொள்ளுங்கள்.