விரதத்தில் வளர்ந்த கால்

பயந்தாங்கொள்ளிக்கு யாரும் அறிவியல் சொல்லித் தரக் கூடாது. பாதிதான் காதில் விழும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் எங்கள் ஊரான சிகாமட்டில் ஒரு கிளினிக்கையே கலங்கடித்திருக்கிறேன்.

மனைவி செல்விக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததால், அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். கடைசி மூன்று நாள் வெறும் தண்ணீர் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. (பக்தி பாதி, தொப்பை பாதி.) பட்டினி கிடந்தால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும், கொழுப்பு கரையும் என்று போனில் படித்திருந்தேன்.

மூன்றாம் நாள் கோயிலில் காலைப் பூஜை முடிந்தது. செல்வி அர்ச்சனைக்கு நிற்க, நான் வெளியே வந்து சிலிப்பரை மாட்டினேன். குதிகால் வெளியே நின்றது. நாற்பத்தொரு வயதில் கால் வளர்கிறது. கார் கண்ணாடியில் பார்த்தால் தாடையும் நீண்டிருந்தது. விரதத்தை முறித்தால் முருகன் கோபித்து, செல்விக்கு மறுபடி ஏதாவது வந்துவிட்டால்? முறிக்காமல் விட்டு, நாளைக்கு நான் தேர் உயரத்துக்கு நின்றால்? செல்வியைக் கோயிலிலேயே விட்டுவிட்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஹார்மோன் கூடுறது உண்மைதாண்ணே. ஆனா பட்டினியில அது வளக்குற வேலைய பாக்காது. கொழுப்ப எரிய விடும், சதை ரொம்ப கரையாம பாத்துக்கும், சுகர மூளைக்கு மிச்சம் பிடிக்கும். சாப்பாடே இல்லாம எதை வச்சு வளக்கும்?"

"அப்ப இந்தக் காலு?"

குனிந்து பார்த்தார். "நீங்க என்ன சைஸ்ணே?"

"ஒம்போது."

"இதுல ஏழுன்னு போட்டிருக்கு லா."

அதே நேரம் செல்வி போன் செய்தாள். "என்னங்க, எங்க போனீங்க? இங்க ஒரு அக்கா உங்க சிலிப்பர போட்டுக்கிட்டு, விரதத்துல காலு சுருங்கிப் போச்சுன்னு அழுவுறாங்க."

டாக்டரம்மா சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. "தண்ணிய மட்டும் குடிச்சிட்டு காவடி தூக்கினா விழுந்துருவீங்க. பால், பழம் சாப்பிடுங்க. முருகன் அதுக்கெல்லாம் கோவிக்க மாட்டாரு," என்றார். பயந்துகொண்டே பாலைக் குடித்தேன். மறுநாள் காவடி நல்லபடியாக இறங்கியது.

செல்வி இன்றுவரை திடமாக இருக்கிறாள், அதுதான் எனக்கு வினை. ஒவ்வொரு விரதத்துக்கும் என்னைக் கதவோரம் நிற்க வைத்து, மகளின் உயரக் கோடுகளுக்குப் பக்கத்தில் எனக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுகிறாள். வீடே கூடி நின்று சிரிக்கிறது. போன வருடம் அரை அங்குலம் குறைந்திருந்தேன். இப்போது அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.