ரெண்டு தட்டு

குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தால் வலி குதிகால் வரை இறங்கியது. மேஜைக்கடியில் பாதி உடம்பை நுழைத்தபடி மூட்டை எந்தப் பக்கமும் அசைய முடியாமல் கிடந்தபோது போன் அடித்தது. கையை மட்டும் மேலே நீட்டி எடுத்தார்.

"யோவ் மூட்டை, முப்பத்தேழாம் நம்பர் லோடுமேனுக்கு இன்னிக்கு எத்தனை மணி நேர வேலை?" மேனேஜர் குரல்.

"எட்டு மணி நேரம் சார்."

"கம்ப்யூட்டர் பதினெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பதுங்குது."

மூட்டை யோசித்தார். "கொஞ்சம் ஓவர்டைம் பாத்திருப்பான் சார்."

போன் வைக்கப்பட்ட சத்தத்தில் காது அடைத்தது.

இருபத்தாறு வருஷம் லாரியில் சிமென்ட் மூட்டை ஏற்றிய மனுஷன். பெற்றவர்கள் வைத்த பெயர் தேய்ந்து மூட்டையே பெயராகிவிட்டது. போன வருஷம் இடுப்பெலும்பு ஒன்று விலகியது. இனி ஒரு மூட்டை தூக்கினாலும் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் இரக்கப்பட்டு எடைமேடை ஆபீஸில் காலை ஷிப்டு கொடுத்தார். கொடுக்கும்போதே, "இதுவும் சரிப்பட்டு வரலைன்னா மறுபடி மூட்டைதான். உக்கார வைக்க வேற நாற்காலி என்கிட்ட இல்ல" என்றும் சொல்லிவைத்தார்.

அந்த ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் மூட்டையின் குடும்பம் நின்றது.

நாற்காலிக்கு முன்னால் கம்ப்யூட்டர் மூன்று. ஒன்று லாரி எடைக்கு, ஒன்று கேட் பாஸுக்கு, ஒன்று லோடுமேன் வருகைக்கு. திரை மட்டும் ஒன்றுதான். கீபோர்டும் ஒன்று, மவுஸும் ஒன்று. மூன்று திரை வாங்க மேனேஜருக்கு மனசு வரவில்லை. மூன்றையும் ஒரு சின்னப் பெட்டியில் இணைத்து, பெட்டியில் மூன்று பட்டன் வைத்திருந்தார்கள். எந்தப் பட்டனை அமுக்குகிறோமோ அந்தக் கம்ப்யூட்டர் திரைக்கு வரும். மாமியார் ஒருத்தி, மருமகள் மூன்று பேர். ஒருத்தி கூடத்துக்கு வந்தால் மற்ற இரண்டு பேரும் உள்ளே போய்விட வேண்டும்.

ஒயர் எட்டவில்லை என்று அந்தப் பெட்டியை மேஜைக்கடியில், சுவரோரமாக ஆணியடித்து மாட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் மாற்ற வேண்டுமென்றால் குனிந்து, கை நீட்டி, தடவி அமுக்க வேண்டும். காலையில் முதலில் வருகை, அப்புறம் கேட் பாஸ், அப்புறம் எடை. நடுவில் தாமதமாக வருகிறவனுக்காக மறுபடி வருகை. மூட்டை தூக்கியபோதுகூட இத்தனை தடவை குனிந்ததில்லை.

அன்றைக்குத் திங்கட்கிழமை. போன வாரம் வரை ஒரு தப்பும் வந்ததில்லை. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி, லாரியின் டோக்கன் நம்பர், எடை இரண்டையும் அடிப்பார். லாரி ஏறும், எடை காட்டும், அடிப்பார். அடித்து முடித்ததும் கீபோர்டின் மூலையில் விரலால் 'டக் டக்' என்று ரெண்டு தட்டு. "ரைட், போலாம்!" லாரி நகரும். லோடு ஏற்றி முடித்தால் லாரியின் பக்கப் பலகையை ரெண்டு தட்டுத் தட்டி அனுப்பியே பழகிய கை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் தட்டாமல் ஒரு வண்டியும் அவரைப் பொறுத்தவரை கிளம்பாது.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "கேட் பாஸைப் பாத்தியா? இருபத்தொன்பதாம் நம்பர் வண்டியில பதினேழாயிரம் பேரு உள்ள வந்திருக்காங்களாம்."

மூட்டை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கேட்டில் வாட்ச்மேனும் ஒரு நாயும் இருந்தார்கள்.

"கூட்டமா ஒண்ணும் தெரியல சார்."

ரெண்டு மணிக்கு மதிய ஷிப்டுக்காரி வந்தாள். முப்பது வயசு இருக்கும். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் இந்தச் சிமென்ட் யார்டுக்கு எதிர்வாடையிலேயே இருக்கிறது என்றுதான் இந்த வேலைக்கே வந்தவள். நாலு மணிக்கு மணியடித்ததும் பிள்ளை ரோட்டைத் தாண்டி ஓடி வந்து ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். திரையின் ஓரத்தில் அது வரைந்த மஞ்சள் லாரிப் படம் ஒட்டியிருந்தது.

"அண்ணே," என்றாள் சிரித்துக்கொண்டே. "நேத்து லீவுதானே, வந்து உங்க மேஜைக்கடியில ஒரு வேலை பண்ணிட்டுப் போனேன். இனிமே நீங்க..."

மூட்டைக்குச் சுருக்கென்றது. "நீதானா அது?"

"கண்டுபிடிச்சுட்டீங்களா?" அவள் சிரிப்பு இன்னும் பெரிதானது. "எப்பிடி இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்கு. என் பொழப்பு சந்தி சிரிக்குது."

"என்னண்ணே இப்பிடிச் சொல்றீங்க? உக்காருங்க, சொல்றேன்..."

"எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம் தங்கச்சி." சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

"சரி, கோவம் தீந்ததும் சொல்றேன். ஆனா ஒரு டீ எனக்குக் கடன். மறந்துடாதீங்க!" என்று முதுகுக்குப் பின்னால் அவள் கத்தினாள்.

செய்வதையும் செய்துவிட்டு டீ வேறு கேட்கிறாளே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "ஒரு ஆளு தூக்க முடியாத பாரத்தையெல்லாம் தூக்கின கை. ஒரு எலிக்குட்டி அடங்கமாட்டேங்குதா?"

"அது எலி இல்லடி, மவுஸு."

"எதுவா இருந்தா என்ன? பொறி வெச்சுப் பாருங்க."

பொறி வைக்கத்தான் தீர்மானித்தார். செவ்வாய்க்கிழமை சிவப்பு, பச்சை, மஞ்சள் டேப் வாங்கிவந்து மூன்று பட்டனிலும் ஒட்டினார். சிவப்பு எடை, பச்சை கேட், மஞ்சள் வருகை. ஒட்டக் குனிந்தவரை நிமிர்த்த இரண்டு டிரைவர்கள் வர வேண்டியிருந்தது. அதற்கப்புறம் திரையை அவர் பார்க்கவே இல்லை. மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே கம்பெனி, ஒரே நீலத் திரை. மேலே பொடி எழுத்தில்தான் வித்தியாசம். அதான் சிவப்பை அமுக்கியாயிற்றே என்ற தைரியத்தில் கண்ணைக் கீபோர்டில் வைத்து அடித்துத் தள்ளினார். அடிப்பார், டக் டக், ரைட் போலாம். எங்கோ 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். யார்டில் ஏதாவது ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அதை யார் கவனிக்கிறார்கள்?

முந்தைய நாளைவிட இரண்டு மடங்கு தப்பு.

புதன்கிழமை, வேண்டாத மருமகள்கள் இருந்தால்தானே வம்பு என்று, ஆட்களும் பாஸும் முடிந்ததும் அந்த இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டார். எடை மட்டும் ஓடியது. முதல் லாரி வந்தது. அடித்தார். டக் டக். "ரைட், போலாம்!"

திரை இருண்டது.

மூட்டை திரையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். விளக்கை அணைத்துப் போட்டார். சுவிட்சுகளை எல்லாம் அமர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். வந்தது. அடுத்த லாரி. டக் டக். மறுபடி இருட்டு.

"அண்ணே, ஆபீஸா சினிமாக் கொட்டகையா? படம் எப்பப் போடுவீங்க?" வெளியே டிரைவர் ஒருவன் கத்தினான்.

வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. பதினெட்டாவது லாரிக்குப் பின்னால் மேனேஜரின் கார் மாட்டிக்கொண்டது.

அவர் உள்ளே வந்தபோது முகம் செங்கல்லாக இருந்தது. "உனக்கு இது ஒத்துவராது. தூக்கற வேலைதான் உனக்கு லாயக்கு. பழைய தலைத்துணி இருக்குதில்ல?"

பயந்தவன் வாய்க்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் கடிப்பான்.

"சார், தப்பு என்னுதில்ல. ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு வந்து மேஜைக்கடியில என்னமோ பண்ணிட்டுப் போச்சு. அன்னியிலேர்ந்துதான் இப்பிடி. அதுவே என்கிட்ட சொல்லுச்சு."

"லீவு நாள்லயா? என்னைக் கேக்காமலா?"

"ஆமா சார்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் பின்னால் அவரை அதிகமாக அறுத்தது.

அந்த மூன்று நாளும் அவர் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அண்ணே, அந்தப் பெட்டி..." என்று அவள் வாயெடுத்தாலே, "பெட்டியப் பத்திப் பேசாத" என்று நகர்ந்துவிடுவார். வியாழக்கிழமை அவளை ஆற்றுக்கு அந்தப்பக்கத்து யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நாலு மணிக்குப் பிள்ளை எங்கே போகும் என்று அவள் கேட்டாளாம். மேனேஜர் போனில் வேறு யாரோடோ பேச ஆரம்பித்தாராம்.

சாமான் எடுக்க வந்தாள். டீக் கோப்பை, ஒரு ஜோடி பழைய செருப்பு, சின்னக் குடை. மஞ்சள் லாரிப் படத்தைக் கிழியாமல் நகத்தால் மெல்லப் பெயர்த்தாள்.

"என்ன தப்பு பண்ணேன்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்கண்ணே. உங்களுக்கு எதாவது தெரியுமா?"

மூட்டை லாரி வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்தார். லாரி எதுவும் வரவில்லை.

"எனக்கென்ன தெரியும்?"

"சரிண்ணே. இடுப்பப் பாத்துக்கங்க."

சிமென்ட் மூட்டையை இறக்கிவைத்தால் முதுகு லேசாகும். அவள் படியிறங்கிப் போன பிறகு அப்படி எதுவும் லேசாகவில்லை. ஆனாலும் நாற்காலி மிஞ்சியது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முதல் லாரி சரி. இரண்டாவது, கேட் பாஸில் பத்தொன்பதாயிரம் பேர்.

மூட்டைக்கு வியர்த்தது. அவள் போயும் அவள் கைவேலை போகவில்லை என்று பெட்டியிலிருந்த ஒயர் அத்தனையையும் பிடுங்கினார். கொத்தாகக் கையில் வந்தது. எது எங்கிருந்தது என்று யாருக்குத் தெரியும்? கைக்குக் கிடைத்த ஓட்டையில் கிடைத்ததைச் செருகினார். திரையில் எடை வந்தது. கீபோர்டு வருகைக்குப் போய்ச் சேர்ந்தது. அடித்தால் திரையில் ஒன்றும் அசையவில்லை. மெதுவாக வரும் என்று மேலே மேலே அடித்தார். முப்பத்தேழாம் நம்பர் கூத்துக்கு அப்புறம், இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் எவனாவது வேலை பார்த்ததாக வந்தால் ஆப்சென்ட் போடும்படி கம்ப்யூட்டரை மாற்றிவைக்க மேனேஜர் சொல்லியிருந்தார்.

மதியத்துக்குள் ஒன்பது லோடுமேன் ஆப்சென்ட். எல்லாம் அவரோடு தோள் மாற்றித் தூக்கியவர்கள். சிமென்ட்டு முகத்தோடு ஜன்னலில் வந்து நின்றார்கள்.

"மூட்டை, காலையிலேர்ந்து இருநூறு மூட்டை ஏத்தியிருக்கேன். நான் வரலைன்னா ஏத்தினது என் ஆவியா?"

"விடுடா, நாற்காலியில உக்காந்தா நம்ம மூஞ்சி எங்க தெரியப்போகுது?" என்றான் இன்னொருவன்.

மேனேஜர் இந்த முறை கத்தவில்லை. "மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன். பெட்டியில தப்பு இருந்தா சரி. இல்லைன்னா திங்கக்கிழமை லோடிங்குக்கு வந்துடு."

மெக்கானிக் சனிக்கிழமை காலையில் வந்தான். ஒல்லியான ஆள். ஒரே வளைவில் மேஜைக்கடியில் நுழைந்து, ஒயரை எல்லாம் அதது இடத்தில் செருகி, ஒரே வளைவில் வெளியே வந்தான். மூட்டை பொறாமையோடு பார்த்தார்.

"பெட்டி கல்லு மாதிரி இருக்கு. நீங்க ஒரு வண்டி போட்டுக் காட்டுங்க, பாக்கலாம்."

லாரி ஏறியது. மூட்டை டோக்கன் அடித்தார், எடை அடித்தார். டக் டக். "ரைட், போலாம்!"

பீப்.

"இப்ப எதுக்கு மாத்தினீங்க?" என்றான் மெக்கானிக்.

"நான் எங்க மாத்தினேன்? லாரி ரிவர்ஸ் எடுக்குது."

"லாரி முன்னாலதானே போகுது? நீங்க மூலையில ரெண்டு தட்டுத் தட்டினீங்களே."

"அது வண்டி போறதுக்குய்யா!"

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அந்த மூலைப் பொத்தானை ரெண்டு தட்டுத் தட்டினா அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறிடும். அப்பிடித்தான் வெச்சிருக்கு. நீங்க ஒவ்வொரு வண்டிக்கும் தட்டினா?"

மூட்டை தன் விரலைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துக் காய்ப்பு. பிறகு கோபம் வந்தது. கோபத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. தான் சொன்னது சரிதான், அவள்தான் பண்ணியிருக்கிறாள்.

"இந்தக் கண்றாவிய எதுக்குய்யா வெச்சீங்க? என்னை ஒழிக்கவா?"

"ஐயோ, உங்களுக்காகத்தாங்க! மதிய ஷிப்டு அக்காதான் போன ஞாயித்துக்கிழமை என் வீடு தேடி வந்து கூட்டிட்டு வந்தாங்க. 'அண்ணன் அந்த இடுப்ப வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பட்டன் அமுக்குறாரு, பாக்க முடியல, குனியாம மாத்துற மாதிரி வெச்சுக் குடு'ன்னாங்க. கூலி வேணாம்னுட்டேன். அப்ப அண்ணன்கிட்ட நமக்கு ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு டீ கடன்னு சிரிச்சாங்க." அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தான். "என்னுது கெடக்குது. அக்காவுக்கு அந்த டீய வாங்கிக் குடுத்துட்டீங்களா?"