வைரத்தைத் தேடிய டார்ச்

பெண் கேட்டுப் போகிற வீட்டில் உண்மையைச் சொல்லக் கூடாது. பொய் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே தேறியிருப்பேன்.

நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது தர்ஷினியை. அவளுடைய அப்பா, பாயான் பாரு நகரில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். (தொழிற்சாலையிலிருந்துதான் ஓய்வு, சந்தேகத்திலிருந்து அல்ல.) நான் உட்கார்ந்ததும் முதலில் என் சட்டைத் தையலைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை.

“தம்பிக்கு யூனிவர்சிட்டியில என்னா வேலை?”

“வைரத்துல இருக்கிற டிஃபெக்ட்ட ஆராய்ச்சி பண்றோம், அங்கிள்.”

“டிஃபெக்ட்டா? அது வந்தா நாங்க லைனையே நிறுத்திருவோம்லா. நீங்க என்னா பண்ணுவீங்க?”

“வரலன்னா நாங்களே உண்டாக்குவோம்.”

தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் புத்தியிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். வைரத்துக்குள் ஒரு கார்பன் அணு காணாமல் போய், பக்கத்தில் ஒரு நைட்ரஜன் அணு வந்து உட்கார்ந்தால் அந்த இடம் ஒளிரும். பச்சை லேசர் அடித்தால் சிவப்பு ஒளியை ஒவ்வொரு துகளாக விடும். நாளைக்கு யாரும் ஒட்டுக்கேட்க முடியாத செய்திகளை அதில் அனுப்பலாம் என்று, தேநீர் ஆறும்வரை பிரசங்கம் செய்தேன்.

“வைரம். லேசர். யாருக்கும் தெரியாத செய்தி,” என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயால் கேட்டபோது எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. “எடத்த நான் பாக்கலாமா தம்பி?”

பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை அப்பாவையும் மகளையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளே கும்மிருட்டு.

“ஏன் லைட் இல்ல?”

“வெளிச்சம் பட்டா டிடெக்டர் கெட்டுரும், அங்கிள்.”

“வெளிச்சத்த ஆராய்ச்சி பண்ற எடத்துல வெளிச்சம் ஆகாதா?”

கணினித் திரையில் மின்னிய சின்னப் புள்ளியைப் பெருமையாகக் காட்டினேன்.

“இதா வைரம்?”

“இல்ல, வைரம் அந்தக் கறுப்புத் துணிக்குள்ள இருக்கு. இது, அதுல அணு இல்லாத எடம்.”

“ஆக, இருக்கிறத மூடி வச்சிட்டு இல்லாதத காட்டுறீங்க.”

தர்ஷினியிடம் எதையோ விளக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன். பின்னால் துணி விலகும் சத்தம். அவர் கைத்தொலைபேசியின் டார்ச்சை அடித்து வைரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். திரையில் ஒளியை அளந்து காட்டும் கோடு கிடுகிடுவென உச்சிக்கு ஏறியது. அப்படியே செத்து விழுந்தது.

“அணைடா அத,” என்று கத்திவிட்டேன்.

(ஆமாம், ‘டா’. பெண் கொடுக்கப் போகிறவரை.)

அவர் அணைத்தார். நல்லவேளை இருட்டு, இல்லாவிட்டால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

டிடெக்டர் பிழைக்கவில்லை. “என் மாமனாராகியிருக்க வேண்டியவர்தான் காரணம்” என்று பேராசிரியரிடம் சொன்னேன். மாற்று டிடெக்டர் வரும்வரை லென்ஸ் துடைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். துடைத்துக்கொண்டிருந்தபோது தர்ஷினி அழைத்தாள்.

“அப்பா சரின்னுட்டாரு.”

“எப்படி?”

“ஏமாத்துறவனா இருந்தா பல்ல இளிச்சிருப்பான், இவன் மாமனார்னும் பாக்காம கத்துறான்னா உள்ள நெசமாவே என்னமோ இருக்குலான்னாரு.”

இப்போதும் நாங்கள் பாயான் பாருவுக்குப் போனால், பொழுது சாய்ந்ததும் மாமா சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். “மாப்பிள்ள, லைட்ட போடலாமா?” மொத்தக் குடும்பமும் அரை இருட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கும்.

“போடுங்க மாமா,” என்பேன். அந்த ‘ங்க’வைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.