மூன்றாவது பட்டனுக்குக் கீழே

மூன்று நாள் கழுத்தில் சுமந்த பிறகுதான் செக்கர் அந்தக் கத்தியை முதன்முறையாக ஒரு நூலின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தார். நூல் அறுபடவில்லை. கத்தியோடு சேர்ந்து வந்தது.

“போச்சு,” என்றார் வாய்விட்டே.

அவர் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். தையல் ஒரு இழை கோணினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார்; தைத்தவர் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். போன வாரம் தாடிக்காரத் தையல்காரரின் நாற்பது காலரை ஒரே மூச்சில் திருப்பி அனுப்பினார். தாடிக்காரர் மூட்டையை வாங்கிக்கொண்டு, “வெளிய வருவீங்கல்ல, சார்?” என்று மட்டும் கேட்டார்.

அன்றோடு செக்கருக்குச் சோறும் தூக்கமும் போயின.

கத்தி வாங்கியது தனிக் கூத்து. விரல் நீளக் கத்தி, உறையில் தலைகீழாகச் சொருகி, கயிற்றில் கழுத்தோடு தொங்கும். கடைக்காரர் எடுத்துப் போட்ட எட்டையும், உறையில் தையல் சரியில்லை என்று இவர் ஒதுக்கினார்.

“சார், குத்த வர்றவன் தையலையா பாக்கப் போறான்?”

“நான் பாப்பேனே!”

ஒன்பதாவதைத் தையலை மட்டும் பார்த்து வாங்கினார். கூர் பார்க்கத் தோன்றவே இல்லை. பழக்கதோஷம்.

“கழுத்துல என்னங்க தொங்குது?” என்றாள் மனைவி.

“லாக்கர் சாவி.”

“சாவிக்கா உறை?”

“குத்துதுல்ல.” சட்டைப் பட்டனைப் போட்டு அதை மறைத்துவிட்டு, “இன்சூரன்ஸ் பேப்பர் ரெண்டாவது டிராயர்ல இருக்கு,” என்றார்.

“அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல. தெரிஞ்சு வெச்சுக்கோ.”

இப்போது மொட்டைக் கத்தியை என்ன செய்வது? பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அதன் அடிவிளிம்பில் ஒரு மணி நேரம் தேய்த்தார். கூர் வந்துவிட்டது. அது முதலில் அறுத்தது, அவர் பார்த்துப் பார்த்து வாங்கிய உறையின் தையலைத்தான்.

மறுநாள் ஒரு சட்டையின் அடிமடிப்பைப் பார்க்கக் குனிந்தார். கத்தி நழுவி, மடித்து வைத்த சட்டைகளின் மேல் விழுந்தது. பட்டன் தைக்கும் அக்காதான் எடுத்துக் கொடுத்தார்.

“தம்பி, இது உங்களுதா?”

“நூல் வெட்டறதுக்குக்கா.”

“ஓ... நூலுக்கா,” என்று அக்கா தன் கையிலிருந்த நூல் கத்தரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷி, யாரிடமும் மூச்சு விடமாட்டார் என்று செக்கர் நம்பினார். நம்புவதற்கு அவருக்கு வேறு ஆளும் இல்லை.

இனி விழக்கூடாது என்று உறையின் வாயைத் தடித்த நூலால் இறுக்கித் தைத்தார். பிறகு கழிவறைக்குள் போய் உருவிப் பழகினார். கத்தி வரவில்லை. கயிறு கழுத்தை அறுத்தது, இரண்டு பட்டன் தெறித்துச் சுவரில் பட்டன.

“சார், உள்ள என்ன பண்றீங்க?” என்று வெளியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

“வயித்து வலி!”

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டில், வழக்கமாக எதிரே உட்காரும் இஸ்திரிக்காரர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“இங்க காத்தே வரல, சார்.”

தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பத்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட மனுஷன். செக்கர் தன் டப்பாவை அப்படியே மூடி வைத்தார்.

அப்போதுதான் அவருடைய கண், எந்தக் குறையும் தப்பாத அந்தப் பாழாய்ப்போன கண், அதைப் பார்த்தது. தாடிக்காரரின் சட்டையில் மூன்றாவது பட்டனுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு புடைப்பு. கட்டிங் மாஸ்டருக்கும் அதே இடத்தில். இஸ்திரிக்காரருக்கும்.

ஆக, எல்லோரும் பேசி வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அவர் எதையும் திருப்பி அனுப்பவில்லை. கோணல் காலர், பட்டன் இல்லாத கை, எல்லாம் பாஸ். யாராவது ஒருவர் சிரிப்பார் என்று பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை. சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

“ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இதுக்கும் பாஸா?” மேனேஜர் மேசைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றார். கதவு அகலத் திறந்திருந்தது. “இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா வேலைய விட்டு நின்னுக்கோங்க... தயவுசெஞ்சு.”

சொல்லும்போது அவர் கையும் மூன்றாவது பட்டனுக்குப் போனது.

செக்கர் படியிறங்கினார். திருப்பி அனுப்பினால் உயிர் போகும், அனுப்பாவிட்டால் வேலை போகும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கப்பில் தேய்த்த கூரை நம்ப முடியாது; சாவதுதான் சாகிறோம், நல்ல கூரான கத்தியோடாவது சாகலாம் என்று வாசலுக்கு நடந்தார்.

வாசலில் சாணை பிடிப்பவர் இருந்தார். தையல்காரர்களின் கத்தரிகளுக்கு வாராவாரம் சாணை பிடிக்க வருபவர். செக்கருக்குக் கத்தரி கிடையாது. அதனால் இருவருக்கும் முகப் பழக்கமும் கிடையாது.

தைத்த உறையைப் பல்லால் கடித்துப் பிரித்து, செக்கர் கத்தியை நீட்டினார்.

“நல்லா கூரா போடுங்க. உயிர் பிரச்சன.”

சாணை பிடிப்பவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பரிதாபமாக இவர் முகத்தைப் பார்த்தார்.

“இந்த வாரத்துல இது பத்தொம்பதாவது, சார். தாடிக்காரர் ஒருத்தர்தான் மொதல்ல கொண்டு வந்தாரு, பாவம், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லன்னாரு... உங்களுக்கும் அந்தச் செக்கரக் கண்டுதான் பயமா?”