ஐந்தாம் குழி ஆலமரத்து விசாரணை

பூமியில் நாகரிகம் முதலில் எங்கே தோன்றியது என்பது பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் அது கூடலூருக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, இரட்டை மாட்டு வண்டியில் அது வந்து இறங்கியது. பார்ப்பதற்கு ஒரு தோல் பை. அதற்குள் பதினோரு கழிகள். ஒவ்வொன்றுக்கும் நுனியில் ஒரு வளைவு.

மலைக்கு மேலே பெரியாற்றை மறித்து அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. எனவே கழிகளைப் பார்த்த ஊர்க்காரர்கள், பாறை பெயர்க்கும் ஏதோ புதுக் கருவி என்று அவசரப்பட்டு நினைத்துவிட்டார்கள். பையின் சொந்தக்காரர் மலைப்பாதையைச் செப்பனிட வந்த ரஸ்தா துரை. பாதையில் வண்டிச் சக்கரம் முழங்கால் ஆழம் புதைந்துகொண்டிருந்தது. துரையோ அந்தச் சில்லறைப் பள்ளங்களைத் திரும்பிப் பாராமல், நல்ல தரையாகப் பார்த்துப் புதிதாக ஒன்பது பள்ளம் தோண்டச் சொன்னார்.

தோண்டிய இடம் சத்திரத்துத் தோப்பு. ஆலும் புளியும் இலுப்பையும் வரிசை பிடித்து நிற்கும் பழைய தோப்பு. மரங்களை வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. மலையிலிருந்து மிளகுப் பொதி சுமந்து இறங்கும் மாடுகள் அங்கேதான் படுத்து எழும். மழை பொய்த்த வருஷத்திலும் அதன் நிழலில் அறுகம்புல் கொஞ்சம் பிழைத்துக் கிடக்கும், ஊர் மாடுகளும் அதை நம்பிக் கிடக்கும். இத்தனை காலமாக இப்படி ‘வீணாகிக்’ கொண்டிருந்த இடத்தை உரிய காரியத்துக்குக் கொண்டுவந்த பெருமை ரஸ்தா துரையையே சேரும்.

ஊர்த் தலையாரி கர்ணனிடம் அந்தக் காரியத்தை விளக்கியவர் ரைட்டர் சூசைமுத்து. ராயப்பன்பட்டிக்காரர். பாதிரிமாரிடம் இங்கிலீஷ் படித்தவர். துரை பேசுவதை ஊருக்கும், ஊர் பேசுவதில் பாதியைத் துரைக்கும் சொல்வது அவருடைய உத்தியோகம். ஆட்டத்தின் பெயர் கோல்ஃப் என்றும், சிறிய பந்தைக் கழியால் அடித்துத் தூரத்துக் குழியில் விழவைக்க வேண்டும் என்றும், விழுந்ததும் எடுத்து அடுத்த குழிக்கு அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒன்பது குழியும் முடிந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று கர்ணன் கேட்டார். மறுபடி முதல் குழியிலிருந்து தொடங்குவார்கள் என்று பதில் வந்தது. கர்ணனுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பொறுமைசாலிகள் நாட்டை ஆள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றே அவருக்குப் ‘புல் காவலர்’ என்ற பதவி கிடைத்தது. நெஞ்சில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை ஒன்றும் கொடுத்தார்கள். தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் ஒரு பலகை நட்டார்கள். பலகையில் இங்கிலீஷில் இருந்தது. மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் அது புரியாது என்பதால் கர்ணன் கையில் ஒரு கம்பும் கொடுத்தார்கள்.

கடமை என்றால் என்ன என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு அந்த இரண்டு மாதங்களில் கண்டது. சத்திரத்துக் கிணற்றிலிருந்து நாளைக்கு அறுபது குடம் தண்ணீர் புல்லுக்குப் போயிற்று. சுற்று வட்டாரம் முழுக்கக் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்க, தோப்பு மட்டும் பச்சென்று இருந்தது. அறுத்த புல் துரைமார் குதிரைகளுக்குப் போயிற்று. வேலியில் மூக்கை நுழைத்த மாடுகளைக் கர்ணன் தயங்காமல் விரட்டினார். மச்சான் மாடு, மணியக்காரர் மாடு, சொந்த மாடு என்ற பாகுபாடே அவரிடம் இல்லை. அவர் வீட்டுச் செவலைப் பசு நிறைசினையாக வந்து நின்றபோதுகூடக் கம்பு அதே உயரத்துக்குத்தான் ஓங்கியது. அந்தச் செய்தி துரையின் காதுக்குப் போய், துரை தலையை ஒருமுறை ஆட்டினார் என்று ரைட்டர் வந்து சொன்னார். கர்ணன் அன்று சாப்பிடாமலே வயிறு நிறைந்தார்.

பங்குனிக் கடைசியில் செவலை ஈன்றது. கிடேரிக் கன்று. அழகாக இருந்தது, ஆனால் நிற்கத்தான் தெம்பில்லை. மடியைப் பீய்ச்சினால் நாலு பீச்சுப் பால் வந்து நின்றுவிட்டது. கர்ணனின் மனைவி ராமுத்தாய் கன்றைத் தூக்கிப் பசுவின் மடியில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கன்று முட்டி முட்டிக் களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டது.

கன்று போட்டதும் விழும் இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடியை நாய் வாய்க்குக் கிடைக்காமல் வைக்கோலில் சுற்றி, சாக்கில் பொதிந்து, ஆலமரத்தில் உயரக் கட்ட வேண்டும். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் இறங்கும். அந்தப் பக்கத்தில் எந்த மாடு ஈன்றாலும் இதுதான் முறை. ராமுத்தாய் பொட்டலத்தைக் கட்டிக் கணவர் கையில் கொடுத்தாள்.

“பொழுது சாயுறதுக்குள்ள கட்டிட்டு வாங்க. கன்னு ரெண்டு நாளைக்குத் தாங்காது.”

“ஆலமரம் தோப்புக்குள்ளல்ல இருக்கு? அங்கன யாரும் போகக் கூடாதுன்னு உத்தரவு.”

“யாரு தடுக்குறது?”

“நான்தான்.”

“அப்ப ஒங்ககிட்டயே கேட்டுக்கிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அவள் கன்றிடம் போய்விட்டாள்.

வேறு ஆலமரம் இல்லாமல் இல்லை. ஆனால் அது பக்கத்து ஊர் எல்லையில் இருந்தது. எல்லை தாண்டிக் கட்டினால் பால் அந்த ஊர் மாட்டுக்குத்தான் இறங்கும். எனவே கர்ணன் தோப்பு வாசலில் பொட்டலத்தோடு நெடுநேரம் நின்றார். காவலர் என்ற முறையில் தம்மைத் தாமே தடுத்தார். மாட்டுக்காரர் என்ற முறையில் தமக்குத் தாமே மன்றாடினார். காவலர் மசிகிறவராக இல்லை. கடைசியில் கன்றின் முகம் ஞாபகத்துக்கு வரவே காவலர் சற்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாட்டுக்காரர் சட்டென்று உள்ளே நுழைந்து, ஐந்தாம் குழிக்குப் பக்கத்து ஆலமரத்தில் ஏறி, இரண்டு விழுதுகளுக்கு நடுவே இலை மறைவில் கட்டிவிட்டு இறங்கினார்.

நாலாம் நாள் போட்டி. குமுளிக்கு மேலே காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை குதிரையேறி வந்திருந்தார். அவருக்கும் ரஸ்தா துரைக்கும் பழைய போட்டி. மலைப்பாதை கெட்டுக் கிடப்பதால் காப்பி மூட்டை இறங்கவில்லை என்று தோட்டத் துரை சொல்ல, அதை ஒன்பது குழியில் தீர்த்துக்கொள்ளலாம் என்று ரஸ்தா துரை சொல்லியிருந்தார். கழிப் பையைச் சுமந்தவர் கர்ணன். கன்று இன்னும் உயிரோடு இருந்தது, ராமுத்தாய் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். செவலைக்குப் பால் இறங்கவே இல்லை. சுமையைவிட அந்த நினைப்புத்தான் அவருக்குக் கனத்தது.

நாலு குழி வரை இருவரும் சமம். ஐந்தாம் குழிக்கு ரஸ்தா துரை ஓங்கி அடித்தார். பந்து மேலே போயிற்று, கீழே வரவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆலமரத்துப் பொட்டலத்தின் மேல், சாக்கின் மடிப்பில், பந்து சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

சித்திரை வெயிலில் நாலு நாள் ஊறிய பொட்டலம் அது. துரைமார் அதற்குள் சட்டப் புத்தகத்தைப் பிரித்துவிட்டார்கள். பந்தைக் கையால் எடுத்துக் கீழே போட்டுக்கொள்ளலாமாம், ஆனால் அதற்குத் தண்டனை உண்டாம். தண்டனை வேண்டாம் என்றால் கிடக்கிற இடத்தில் கிடந்தபடியே அடிக்க வேண்டுமாம். ரஸ்தா துரை தண்டனை கொடுத்துப் பழகியவர், வாங்கிப் பழகியவர் அல்லர். ஏணி கொண்டுவரச் சொன்னார்.

“ரைட்டரய்யா, அதத் தொட வேணாம்னு துரைகிட்டச் சொல்லுங்க” என்றார் கர்ணன்.

ஏன் என்று துரை கேட்டார். உண்மையைச் சொன்னால் வில்லை போய்விடும். அது ஊர்க் காரியம் என்று மட்டும் கர்ணன் முனகினார். சூசைமுத்துவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குரிய இங்கிலீஷ் வார்த்தையைப் பாதிரிமார் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சுதேசிகள் வழக்கமாகப் பயப்படுகிற ஏதோ ஒன்று என்று மொழிபெயர்த்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். வெள்ளைக்காரன் பயப்படமாட்டான் என்று துரை ஏணியின் ஆறாம் படியில் நின்று அறிவித்தார். பிறகு கால்களை அகட்டி, கழியை ஓங்கி, சாம்ராஜ்யத்தின் முழு பலத்தோடும் அடித்தார்.

அடி பொட்டலத்தில் விழுந்தது. பொட்டலம் துரையின் மேல் விழுந்தது. இதற்கு மேல் விவரிப்பது மரியாதையாகாது. தோட்டத் துரையின் குதிரை குமுளி வரை நிற்கவில்லை என்றும், அதை விரட்டிக்கொண்டு ஓடியபடியே தோட்டத் துரை தம் வெற்றியை அறிவித்தார் என்றும் சொன்னால் போதும்.

மறுநாள் காலை விசாரணை. துரை பதினான்கு குடம் தண்ணீரில் குளித்திருந்தார். அன்று புல்லுக்கு ஊற்ற அந்த அளவு குறைந்துவிட்டது. தோப்பு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். சூசைமுத்து எழுத, கர்ணன் கைகட்டி நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ராமுத்தாயை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து நின்றாள்.

துரைக்கு முதலில் கோபம் வந்தது. விஷயம் முழுதும் விளங்கியதும் சிரிப்பு வந்தது. மரத்தில் பொட்டலம் கட்டினால் மாடு பால் கொடுக்குமா என்று கேட்டார். கட்டிய பிறகு பால் வந்ததா என்றும் கேட்டார்.

“வரலைங்க” என்றார் கர்ணன். தலை நிமிரவில்லை.

துரை மேசையைத் தட்டினார். இதைத்தான் இந்த நாடு கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார். எந்தக் காரியத்துக்கும் ஒரு காரணம் உண்டு, காரணத்தைத் தேடுவதுதான் நாகரிகம் என்றார். சூசைமுத்து அதைத் தமிழில் இன்னும் அழகாகச் சொன்னார்.

ராமுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அய்யா, காரணம் தேடணும்னு துரை சொல்றாக. நல்லதுதான். எங்க வீட்டுக்காரரு ரெண்டு மாசமா இங்கன என்னத்தக் காவ காக்குறாகன்னு கேளுங்க.”

துரை கேட்பதற்கு முன்பே கர்ணன் விறைப்பாகச் சொன்னார். பழக்கம்.

“புல்லை.”

“யாருகிட்டருந்து?”

கர்ணன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு உள்ளே அறுபது குடத் தண்ணீரில் புல் தளதளவென்று நின்றது. வேலிக்கு வெளியே செவலை கயிற்றோடு வந்து நின்றுகொண்டிருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். மாட்டைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்றார் சூசைமுத்து.

தீர்ப்பை அங்கேயே எழுதினார்கள். துரை பெருந்தன்மையானவர், கர்ணனை வேலையிலிருந்து நீக்கவில்லை. முதல் குற்றம் என்பதால் மன்னித்து, செய்த சேவைக்கு ஒரு நற்சான்றும் சேர்க்கச் சொன்னார். சூசைமுத்து அதை உரக்கப் படித்தார்.

“பசு பால் கறவாமைக்குக் காரணம் குடிகளின் மூடநம்பிக்கை. மற்றபடி காவலர் கர்ணன் தம் கடமையில் குறை வைத்தவரல்லர். அவர் பொறுப்பேற்ற நாள் முதல் இந்த ஊரின் ஒரு மாடுகூடப் புல்லில் வாய் வைக்கவில்லை என்பது விசாரணையில் ருசுவாகிறது.”

படித்துவிட்டு, எழுதியது சரிதானா என்று கேட்டார்.

“சரிதாங்க” என்றார் கர்ணன். “ஒன்னையும் விடல. எங்க செவலையையுந்தான்.”