பெரட்டுக்களத்து ஊசி

"ஐயா, கையை நீட்டுங்கோ" என்று டாக்டர் நிரூபா மூன்றாவது முறையாகச் சொன்னார். ஆண்டியப்பன் கையைக் கம்பளிக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

வம்பை விலைக்கு வாங்கியவர் அவரேதான். இனி வரப்போகிற கொரோனாக்களுக்கும் சேர்த்து ஒரு புது ஊசி தயாராகிறது, அதற்கு முதலில் பழைய ஊசி போட்டவர்களின் ரத்தம் வேண்டும் என்று டாக்டர்கள் நேற்றுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. "வராத சீக்குக்கு இப்பவே ஊசியா? புள்ள பொறக்குமுன்ன பேரு வைக்கிற கதையால்ல இருக்கு!" இவர்தான் எழுந்து, "என் பொஞ்சாதி காளியாயி கொரோனாவுல போன மாதிரி இனி ஒருத்தரும் போகக் கூடாது. மொத ஆளு நான்!" என்று மார்தட்டினார். படம் எடுத்து, பெயரையும் முதலாவதாக எழுதிவிட்டார்கள்.

"ரத்தத்துல என்னாம்மா பாப்பீங்க?"

"அண்டைக்குப் போட்ட ஊசியின்ர சக்தி இண்டைக்கும் மிச்சம் இருக்கோ எண்டு பாப்பம்."

ஆண்டியப்பன் வாசலைப் பார்த்தார். அவர்தான் அன்றைக்கு ஊசியே போடவில்லையே!

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், அதே செக்ரோல் பேர்ப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கொரோனா பரவிய அந்த வருஷம் ஊசிக்கும் கூப்பிட்டார்கள். வராதவனுக்காகக் கூட்டாளி "இருக்கேங்க" என்று குரல் கொடுப்பது தோட்டத்து வழக்கம். குளவிக்கூட்டுக்கு அஞ்சாத ஆண்டியப்பன் ஊசிக்கு நடுங்குவார். அவருக்காக அன்றைக்குக் குரல் கொடுத்தவர் அடுத்த டிவிசன் சோலைமலை.

"ஒண்ணுக்குப் போயிட்டு வாறேம்மா" என்று வெளியே நழுவிய ஆண்டியப்பன், பழைய வைத்தியத்தையே செய்தார். வெளியே நின்ற சோலைமலை அவருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

நிரூபா படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "நேற்று மீசை இருந்ததே?"

"காலையிலதாங்க செரைச்சேன்."

"சரி. நேற்று வாயில பல்லே இல்லை. அது எப்ப முளைச்சது?"

சோலைமலை ஓடியே வந்துவிட்டார். டாக்டர் பின்னாலேயே வந்தார். வேறு வழி தெரியாமல் ஆண்டியப்பன், "காய்ச்சலடிக்குதும்மா, அதான்" என்றார். கேட்டதுதான் தாமதம், வரிசையில் நின்ற பாதிச் சனம் தேயிலைக்குள் இறங்கி ஓடியது. நிரூபா மூக்கில் விடுகிற நீளக் குச்சியை எடுத்தார்.

"மாமா, காலையில மூணு ரொட்டி தின்னீங்களே!" என்றாள் பூரணி. அவள் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரி, மூச்சு இழுப்பு நோய்க்காரி. காளியாயி போன நாளிலிருந்து இவருக்குச் சோறு போடுகிறவள்.

ரொட்டி என்றதும் ஆண்டியப்பன் உடைந்துபோனார்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. நான் அன்னைக்கு ஊசி போடல. காலையில ஆம்பளைங்களக் கூப்பிட்டப்ப இந்தச் சோலைமலையத்தான் விட்டேன். கையில பஞ்ச ஒட்டிக்கிட்டுப் போய், போட்டுட்டேன்னு காளியாயிகிட்டப் பொய் சொன்னேன். அவ அந்தக் கைக்கு ஒத்தடம் குடுத்தாம்மா! அடுத்த மாசம் எனக்குத்தான் மொதல்ல காய்ச்ச வந்துச்சு. அவளுக்கும் தொத்திருச்சு. நான் பொழச்சிக்கிட்டேன். அவளை மூடுன பொட்டியிலதான் பாத்தேன். மொகத்தக்கூடக் காட்டலம்மா."

ஓடியவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். நிரூபா குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாதீங்கண்ணே" என்றார் சோலைமலை. "அண்ணியாவது போட்டுக்கிட்டாங்கல்ல. போட்டும் போனா அது விதி. நீங்க என்னா பண்ணுவீங்க?"

"அதத்தான்டா நானும் நெனைச்சிக்கிட்டுக் கெடக்கேன். அவளாவது போட்டுக்கிட்டா."

பூரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். "எனக்கு அப்ப முப்பது வயசு ஆகலன்னு ஊசிக்குப் பேரு வரல மாமா. மத்தியானம் அத்தை பேரக் கூப்பிட்டப்ப 'இருக்கேங்க'ன்னு சொன்னது நான்தான்."

"ஏம்புள்ள?" என்றார் ஆண்டியப்பன்.

"'எங்க வீட்டு ஆளு போட்டுக்கிட்டாரு, எனக்கு அது போதும், இழுப்புக்காரி நீ போட்டுக்க'ன்னு அத்தைதான் மாமா என்னைய அனுப்புனாங்க."