தோற்கவிடாத பெரிய மனிதர்

பிச்சுமணி தம் மந்திரியை எதிராளியின் யானைக்கு நேரே கொண்டுபோய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். எதிராளியோ நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, யானையை ஒரு மூலைக்கு நகர்த்திக்கொண்டார்.

இந்த மனிதரிடம் தோற்பது இத்தனை கஷ்டமா என்று பிச்சுமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆரியசாலையில் அவருடைய அப்பளக் கடை ஈயடித்துக்கொண்டிருந்தது. மாணவர் ஹாஸ்டலுக்குப் புதிதாக வந்த சூப்பிரண்டு, அப்பளம் சப்ளைக்கு ஆள் தேடுவதாக ஊரெல்லாம் பேச்சு. அது கிடைத்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் மாமனார் வீட்டோடு போய்ச் சேர வேண்டியதுதான்.

"தினம் வெடியக்காலம் கோவிலுக்கு வரார், கேட்டேளா? தாட்டியான ஆள். சதுரங்கம்னா உசிர். மொதல்ல சிநேகம் பிடியும். அப்பளக் கச்சவடமெல்லாம் பின்னே பேசலாம்" என்று வழி சொன்னார் அடுத்த வீட்டுப் பழைய குமாஸ்தா ராமசுப்ரமணியன். பிச்சுமணிக்குச் சதுரங்கமும் கொஞ்சம் இங்கிலீஷும் கற்றுக்கொடுத்தவரும் அவரேதான்.

சட்டை போடக் கூடாத கோவில் அது. ஜில்லா அதிகாரியான பேஷ்காரும் சமையற்காரரும் ஒரே மாதிரி இடுப்பு முண்டோடு நிற்பார்கள். அதனால் பிச்சுமணி தொந்தியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தார். பெரிய உத்தியோகஸ்தரிடம் போய்ப் பெயரும் வேலையும் விசாரிப்பது மரியாதையில்லை. "குட் மார்னிங் சார்" என்று ஆரம்பித்தார். மறுநாளே கோவில் குளமான பத்மதீர்த்தத்தின் கரையில் பலகை விரிந்தது.

ஆனால் அவர் ஜெயிக்க மாட்டேன் என்றார். அவரைக் குஷிப்படுத்த பிச்சுமணி இங்கிலீஷில் புகழ்ந்தார். அவருக்குப் பணிவு இன்னும் கூடிப்போயிற்று. வெட்டுவதையே நிறுத்திவிட்டார். மழை வந்தால் பிச்சுமணி தம் குடையை அவருக்குப் பிடிப்பார். அவர் தம் குடையை இவருக்குப் பிடிப்பார். இருவரும் நன்றாக நனைவார்கள்.

"உத்தியோகத்துல இருக்கறவாள்ல இப்படியும் ஒருத்தரா" என்று பிச்சுமணி உருகினார். மனைவி சாவித்ரி உருகவில்லை. இன்றைக்கு வாய் திறந்து கேட்காவிட்டால் நாளைக்கு மூட்டை கட்டுவதாகச் சொல்லிவிட்டாள்.

வேறு வழியில்லை. பிச்சுமணி தம் ராஜாவைத் தாமே படுக்க வைத்தார்.

"தோத்துட்டேன் சார். உங்ககிட்ட ஒரு விஷயம்..."

எதிராளி பதறிப்போய் ராஜாவை நிமிர்த்தி வைத்தார். பிச்சுமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நான் மொதல்ல சொல்லிடறேன் சார். கரமனைல எனக்கு ஒரு சின்ன அப்பளக் கடை. உங்க ஹாஸ்டல் சப்ளையை எனக்கே தரணும்."